கதவு வழியே வராத ஹெலிகாப்டர்

காலியாக இருப்பது எதுவும் நம்முடையதல்ல. இருபத்திரண்டு வருட மத்திய அரசு வேலையில் ராஜசேகரன் கற்றுக்கொண்ட ஒரே உண்மை இதுதான். அவருடைய அமைச்சகத்தில் ஓர் அறை ஒரு வாரம் காலியாக இருந்தால், மறுவாரம் அதில் வேறு செக்‌ஷன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும். அதனால் விவரம் தெரிந்த அதிகாரிகள் அறையைக் காலியாக விடமாட்டார்கள். கால் போன நாற்காலி, சாவி தொலைந்த பீரோ, யாருக்கும் வேண்டாத ஃபைல் என்று எதையாவது போட்டு அடைத்துவிடுவார்கள். இந்த வித்தையில் ராஜசேகரன் மன்னன். மூன்று ஜாயின்ட் செக்ரட்டரிகள் அவரிடம் அறை கேட்டுத் தோற்றிருக்கிறார்கள்.

அந்த வித்தைக்கு வீட்டிலும் வேலை வந்தது, 2003 ஜூலையில்.

வீடு டெல்லி மயூர் விஹாரில், இரண்டாவது மாடியில். மகள் மதுமதி ரூர்க்கியில் இன்ஜினீயரிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"என்னங்க, அண்ணன் போன் பண்ணுச்சு" என்றாள் அம்சவேணி, சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடி.

"என்னவாம்?"

"இந்த மாசத்தோட ஏர்ஃபோர்ஸ்ல ரிட்டயர் ஆகுதில்ல? இங்க ஒரு பிரைவேட் ஹெலிகாப்டர் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்களாம். செப்டம்பர்ல வருது."

"வரட்டும், வரட்டும். எத்தனை நாள்?"

"மூணு மாசம்."

ராஜசேகரனின் கையிலிருந்த சப்பாத்தி வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"இன்டர்வியூ அவ்வளவு நேரமா நடக்கும்?"

"மூணு மாசம் வேலை பாத்துட்டு, பிடிச்சா நிலைச்சிடும். பிடிக்கலைன்னா கோயம்புத்தூர்லயே வீடு பாத்து வச்சிருக்கு. தங்கறதுக்கு என்ன, மதுமதியோட பின்னறைதான் காலியா இருக்கே!"

காலி. அந்த ஒரு வார்த்தை ராஜசேகரனின் காதில் அபாயச் சங்காக ஊதியது.

மச்சான் இராஜமாணிக்கம் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் துரத்திவிடலாம். முப்பது வருடம் விமானப்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஹெலிகாப்டரே போதும் என்று இருந்துவிட்டார். நான்கு வருடத்துக்கு முன் பத்து நாள் வந்து தங்கியபோது, வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அத்தனையையும் கழற்றி சர்வீஸ் செய்தார். அதற்குப் பிறகு மிக்ஸி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால் ஹாரன் அடித்தது. காலை ஐந்து மணிக்குப் போர்வையை உருவி, "எழுந்திரிங்க மாப்ள, ஜல்தி! குதிகாலைத் தூக்குங்க!" என்று மொட்டை மாடிக்கு ஓட்டிப்போனார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கரண்டிகளைக் குறுக்காக வைத்துச் சுழற்றி, பனிமலையில் தான் ரிப்பேர் செய்த ஹெலிகாப்டரின் கதையைச் சொன்னார். பத்து நாளும் அதே கதை. சாம்பார் மட்டும் ஒவ்வொரு நாள் ஒவ்வொருவர் சட்டையில்.

பத்து நாளுக்கே அப்படி. மூன்று மாதம் என்றால்? நிலைத்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது அவருடைய ஆயுளில் மிச்சமிருக்கும் ஒரே சொத்து.

அறையை அடைத்தாக வேண்டும் என்று முடிவு செய்தார். எதைப் போட்டு என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் மாலை விடை தானாகவே டீப்பாயில் கிடந்தது. ஏதோ ஓர் ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகை. மதுமதி விட்டுப்போனதாக இருக்கும். ஒரு பக்கத்தின் ஓரம் மடிந்திருந்ததால், எடுத்ததுமே அந்தப் பக்கம் விரிந்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டிலேயே ஹெலிகாப்டர் ஓட்டும் இயந்திரம் கட்டியிருந்தான். இரும்புச் சட்டம், அதன்மேல் ஒரு சீட், அடியில் மோட்டார்கள், எதிரே கம்ப்யூட்டர் திரை. திரையில் ஹெலிகாப்டர் சாய்ந்தால் சீட்டும் சாயும். எழும்பினால் எழும்பும். ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டிருந்தது.

ராஜசேகரனுக்கு உடம்பு சிலிர்த்தது. அறைக்கு அறையும் அடையும். அதைவிட இன்னொன்று. மச்சான் முப்பது வருடம் ஹெலிகாப்டரைத் துடைத்தார், எண்ணெய் போட்டார், முடுக்கினார். ஒரு நாளும் ஓட்டியதில்லை. இனிமேல் இந்தக் குடும்பத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர் யார் என்று கேட்டால், பதில் வேறு.

அன்றே ஒரு ஃபைல் திறந்தார். மேலே ‘ஹெலி/1/2003’ என்று எழுதினார்.

மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் மாருதி வேனின் முன் சீட் ஒன்றும், லாரி வைப்பர் மோட்டார் நான்கும் கிடைத்தன. ஹெலிகாப்டரை மேலே தூக்க பைலட்டின் இடது கைப்பக்கம் ஒரு நெம்புகோல் வேண்டும். அதற்கு ஒரு ஜீப்பின் ஹேண்ட்பிரேக். நேரு பிளேஸில் ஹெலிகாப்டர் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு சி.டி. ஒன்று கிடைத்தது. ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்த அச்சுதன் இரண்டு சனிக்கிழமை வந்து மோட்டார்களைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்தார். கால் பெடலை மட்டும் ராஜசேகரன் அவரைத் தொடவிடவில்லை. "ஏதாவது ஒண்ணு நானே செஞ்சேன்னு இருக்கணும், இல்லியா?" என்றார்.

வெல்டர் இக்பால் பாய் அறைக்குள்ளேயே உட்கார்ந்து சட்டத்தைக் கட்டினார். ஆபீஸ் விட்டு வந்து பார்த்த ராஜசேகரன் திகைத்தார். படத்தில் அடிக்கால் இரண்டடி. எதிரே நிற்பது மூன்றரை அடி.

"பாய், இத்னா ஊஞ்சா?"

"மேம்சாப் நே போலா. நீச்சே ஜாடூ லகானா ஹை."

இந்த உயரம் அம்சவேணி சொன்னதாம், அடியில் பெருக்க வேண்டுமாம். பெண்களுக்கு எதில்தான் கவனம் போகிறது என்று ராஜசேகரன் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், அம்சவேணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேளைக்குக் காபி வந்தது. சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

"ஏங்க, இவ்வளவு பெருசா இருக்கே. கதவு வழியா வெளிய வருமா?"

"வராது!" என்றார், வாயெல்லாம் பல்லாக.

"நிச்சயமா?"

"இன்ச் டேப் வச்சுப் பாத்தாச்சு. அறுத்தாத்தான் வரும்."

"அப்ப இனிமே இது இந்த வீட்டுலதான்."

"இந்த வீட்டுலதான். என்ன செய்யறது அம்சா, உங்க அண்ணனை நெனச்சாத்தான் எனக்கு..."

"பாவம்" என்று அவளே முடித்துவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. முதல் பயணம். ராஜசேகரன் சீட்டில் ஏறி பெல்ட் மாட்டினார். அதன் உயரத்துக்கு ஏற ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். திரையில் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழுந்தது. உடனே பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றலை நிறுத்த இடது பெடலை மிதித்தார். இன்னும் வேகமாகச் சுற்றியது. மேலும் அழுத்தி மிதித்தார். வானம் கீழே வந்தது, விமான நிலையம் மேலே போனது, நான்கு வைப்பர் மோட்டார்களும் ஒருசேர ஊளையிட்டன. சீட் முன்னால் குப்புற, பின்னால் மல்லாக்க, பக்கவாட்டில் சரிய, மாவு சலிப்பதுபோல் அவரைச் சலித்து, பெல்ட்டையும் மீறிக் கீழே தள்ளியது.

அழைப்பு மணி அடித்தது. கீழ் ஃப்ளாட் மிஸஸ் சட்டா மூச்சு வாங்க நின்றாள், இடுப்பில் பேரன்.

"பாயி சாப், பூகம்ப் ஆயா! நீச்சே சலோ!"

"பூகம்ப் இல்ல பெஹன்ஜி. ஹெலிகாப்டர்."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அம்சவேணியிடம் ரகசியமாக ஏதோ கேட்டாள். அம்சவேணி, "நஹி நஹி, பஸ் ஷௌக் ஹை" என்று தேற்றி அனுப்பினாள். ஏதோ ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான் என்று அர்த்தம்.

அதையும் சேர்த்து, இரண்டு வாரத்தில் ராஜசேகரன் நாற்பத்தொரு முறை பறந்து, நாற்பத்தொரு முறை விழுந்தார். எல்லாம் ஃபைலில் பதிவாகியது. பெரிய பைலட்டுகளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பறக்காவிட்டால் என்ன? அறை அடைந்துவிட்டது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இராஜமாணிக்கம் வந்து இறங்கினார். ஒரு சூட்கேஸ். ஒரு டூல் பாக்ஸ். சூட்கேஸ் சின்னது.

காபி முடிந்ததும் ராஜசேகரன் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு மச்சானைப் பின்னறைக்கு அழைத்துப்போனார்.

"உங்களுக்கு இந்த ரூமைத் தரணும்னுதான் கொள்ளை ஆசை மச்சான். ஆனா பாருங்க, இப்படி ஆயிப்போச்சு. வெளியவும் எடுக்க முடியாது. கரோல் பாக்ல நல்ல லாட்ஜ் ஒண்ணு..."

இராஜமாணிக்கத்தின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றினார். இயந்திரத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தார். சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். ரிட்டயராகி இரண்டு மாதமாக ஹெலிகாப்டர் முகத்திலேயே விழிக்காத மனிதர். கண் கலங்கிவிட்டது.

"அம்சா, டார்ச் எடு" என்றார்.

தரையில் மல்லாந்து படுத்து, அப்படியே அடியில் நகர்ந்து மறைந்தார். ஸ்பானர் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"மாப்ள! பெடல் கம்பி ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கே! எந்த முட்டாப்பய வேலை இது?"

"அச்சுதன்" என்றார் ராஜசேகரன்.

ஐந்து நிமிடத்தில் இராஜமாணிக்கம் வெளியே வந்து, ஸ்டூல் இல்லாமல் ஏறி உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஹெலிகாப்டர் எழுந்தது. ஆடாமல் அசையாமல் அந்தரத்தில் நின்றது. மோட்டார்கள் பூனைபோல் உறுமின. மிஸஸ் சட்டா வரவில்லை.

முப்பது வருடம் துடைத்தவர் இன்று ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னறைக்குக் கேட்கும்படி சொன்னார்:

"அம்சா, கோயம்புத்தூர் வீட்டுக்காரங்களுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடு. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இருக்கறது சரி மச்சான்" என்று ராஜசேகரன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "படுக்கறது எங்க?"

"இதுக்கு அடியிலதான் மாப்ள! ஏர்ஃபோர்ஸ்ல பாதி நாள் மெஷினுக்கு அடியிலதான தூங்கினோம். அம்சா, ஒரு கட்டில் போகும் போலிருக்கே?"

"ஆறடிக்கு ரெண்டரை அடி போகும் அண்ணே" என்றாள் அம்சவேணி. "மடக்குக் கட்டில் பால்கனியில வாங்கி வச்சிருக்கேன்."

ராஜசேகரனுக்கு இக்பால் பாயின் மூன்றரை அடி அப்போதுதான் புரிந்தது. மனைவியைச் சமையலறை வரை பின்தொடர்ந்தார்.

"அடியில பெருக்கணும்னு சொன்னியே?"

"பெருக்கத்தான் செய்வேன். கட்டிலை நகர்த்திட்டு."

"இது எல்லாம்... முதல்லேருந்தே திட்டமா?"

அம்சவேணி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"போன வருஷம் எங்க பெரியம்மா பொண்ணு வரேன்னப்ப என்ன செஞ்சீங்க? மதுமதி ரூம்ல பழைய பீரோ ரெண்டு வாங்கிப் போட்டீங்க. அவ ஓட்டல்ல தங்கிட்டுப் போனா. மறுவாரமே பீரோவை வித்துட்டீங்க. இந்தத் தடவையும் எதையாவது போட்டு அடைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? சரி, போடறதுதான் போடறார், அண்ணனுக்குப் பிடிச்சதா போடட்டுமேன்னு அந்தப் பக்கத்தை மடிச்சு வச்சேன்."

"நீயா மடிச்சே?"

"நான் இங்க கோல் மார்க்கெட் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்ல வளந்தவளுங்க. எங்கப்பா முப்பது வருஷம் ரூம் அலாட்மென்ட் செக்‌ஷன். ஒரு ஆபீசர் ரூம்ல பீரோவைப் போட்டு அடைச்சா அப்பாவால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா மெஷினைப் போட்டு அடைச்சா சந்தோஷமாயிடுவார். மெஷின்னு ஒண்ணு இருந்தா, அதுக்கு ஒரு ஆபரேட்டர் போஸ்ட் போட்டாகணும், அந்த ஆள் அதே ரூம்லதான உக்காரணும்?"

ராஜசேகரன் ஹாலுக்கு வந்தார். ‘ஹெலி/1/2003’ திறந்து கிடந்தது. அவருடைய நாற்பத்தொன்றாவது விபத்துக்குக் கீழே அம்சவேணியின் குண்டு குண்டுக் கையெழுத்தில் ஒரு புதுக் குறிப்பு: ‘ஆபரேட்டர் நியமனம். நிரந்தரம்.’ பின்னறையிலிருந்து மச்சான் கூப்பிட்டார்: "மாப்ள, நீங்க பறக்கணும்னா ஒரு நாள் முன்னாடி எழுதிக் குடுத்துடுங்க. இன்னிக்கு மெயின்டனன்ஸ்!"

அவர் சோபாவில் சரிந்தார். டீப்பாயில் அதே பத்திரிகை. கையில் எடுத்தார். இம்முறை வேறொரு பக்கத்தில் விரிந்தது. வீட்டிலேயே ரயில் எஞ்சின் ஓட்டும் இயந்திரம் கட்டுவது எப்படி என்று விளக்கமாகப் படம் போட்டிருந்தது. ஓரம் மடிந்திருந்தது.

"அம்சா! இது என்ன?"

"அதுக்கு அவசரமில்லைங்க" என்றாள் அம்சவேணி உள்ளேயிருந்து. "எங்க சித்தப்பா ரயில்வேலேருந்து ரிட்டயர் ஆகறது அடுத்த மார்ச்லதான்."