எட்டாம் இடத்துக்கு மூன்று மொட்டை

கிள்ளானில் வசிக்கும் மதிப்பிற்குரிய பெரிய அத்தை இராஜம்மா அவர்களுக்கு,

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தம்பி மகள் சுரேகா பயத்துடனும் வணக்கத்துடனும் எழுதுவது. நீங்கள் நலம் என்று நம்புகிறேன். நான் இப்போதைக்குத் தலைமுடியுடன் இருக்கிறேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பதால், எல்லாரும் தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். ஐந்து மணிக்கு எழுந்ததும் அப்பாவுக்குப் போன் செய்யுங்கள். ஏழு மணிக்குக் கோயிலில் எங்கள் மூவருக்கும் மொட்டை.

அச்சகத்தில் வேலை போனதிலிருந்து அப்பா காலையெல்லாம் அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கிறார். பார்ப்பாரே தவிர விதிகளைப் படிக்கமாட்டார். பிப்ரவரியில், "எத்தனாவது எடத்துல வந்தா நம்ம டீம பிளேஆஃபுக்கு எடுப்பான்?" என்று கேட்டார். கோப்பைக்கான அந்தக் கடைசிச் சுற்றுக்கு எட்டாம் இடம்வரை போதும் என்றேன். உடனே முருகனிடம் போய், எட்டுக்குள் வந்து பிளேஆஃபுக்குப் போனால் குடும்பத்தோடு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டார். நேற்றுக் காலை லீக் ஆட்டங்கள் முடிந்தன, சரியாக எட்டாம் இடம். அப்பா துள்ளிக் குதித்து, அம்மாவுக்குத் தேநீர்கூடக் கலக்கிக் கொடுத்தார். மாலையில்தான் நான் விதியை முழுதாகப் படித்தேன்.

அத்தை, ஒவ்வொரு பிரிவிலும் பதினைந்து அணிகள். முதல் ஆறு மட்டுமே நேராக உள்ளே போகும். ஏழிலிருந்து பத்து வரை வாசலில் நிற்கவேண்டும். ஏழும் எட்டும் மோதி, வென்றது ஏழாம் இடத்தில் உள்ளே போகும். தோற்றது, ஒன்பதும் பத்தும் மோதியதில் வென்றதோடு மறுபடி மோதி, அதிலும் வென்றால்தான் எட்டாம் இடம். அப்படித் தப்பிப் பிழைத்து வந்த எட்டுக்குக் கிடைப்பது முதலிடத்து அணியிடம் அடி. முதலிடத்துக்குச் செய்யும் மரியாதையே இளைத்தவனை எதிரே நிறுத்துவதுதானாம். தலைமையாசிரியையாக இருந்த நீங்கள் இதை அனுமதித்திருப்பீர்களா? ஆக, அப்பாவின் அணி இன்னும் உள்ளே போகவில்லை, முருகனுக்கு எங்கள் முடி இன்னும் சேரவேண்டியதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "நீயே போயி சொல்லிக்க. எட்டு மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் மனுசன் சிரிக்கிறாரு" என்றார். அப்பாவிடம் போய், "இன்னும் முடிவாகலையோப்பா?" என்று இழுத்தேன். "சாமிகிட்ட டிஸ்கஸ் பண்ணக்கூடாதுலா! கோயில்ல மூணு தலைன்னு சொல்லியாச்சு. உன் ஸ்கூலுக்கும் லெட்டர் எழுதியாச்சு" என்றார். என் தோழி புனிதா ஏற்கெனவே, "ஃபுட்பால்னு நெனச்சி எத்திடப் போறாங்கடி" என்கிறாள். அப்பா பயப்படுவது உங்களுக்கு மட்டும்தான். காப்பாற்றுங்கள்.

உங்கள் முழங்கால் வலி குறைந்து, இரத்த அழுத்தம் ஏறாமல், நீங்கள் நீடு வாழ வேண்டுகிறேன். மொட்டை போடுவதாக வேண்டவில்லை.

தங்கள் அன்பு மருமகள்,
சுரேகா

பி.கு.: அத்தை, போன் செய்யவேண்டாம். அட்டவணையை இப்போதுதான் பார்த்தேன். ஏழாம் அணியோடு ஆட்டம் மொட்டை போடும் அதே காலை பத்து மணிக்கு. அதுதான் பிளேஆஃபின் முதல் ஆட்டம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். வென்றுவிட்டால், எட்டு போதும் என்று நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும், அவருக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் முடி கொடுக்காமல் இருந்து அணி தோற்றால் அந்தப் பழியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஏழு மணிக்கு நானே முதலில் உட்காரப் போகிறேன்.