நனையக் கூடாத கூடாரம்

உலகத்தில் மழையில் நனையாமல் காப்பாற்ற வேண்டிய முதல் பொருள் கூடாரம்தான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஸ்டோர் நைனா. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் நான் ஃபிட்டர். அங்கே ஸ்டோர் ரூமுக்குச் சக்கரவர்த்தி அவர். சொந்த ஊர் பள்ளிப்பட்டு. எதிரே வருகிறவர்களையெல்லாம் ‘நைனா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவரே நைனா ஆகிவிட்டார். புது ஸ்பேனர் கேட்டால், “பழசு இன்னா செத்தா பூட்ச்சி?” என்பார். ஷெட்டில் தீப்பிடித்த அன்று மணல் வாளிக்கு ஓடினோம். “நெருப்பு எவ்ளோ ஒசரம்னு பாத்துனு வா, அப்பால தரேன்” என்றாரே, அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஒரு பூஜை லீவில் நாங்கள் சில பேர் தென்காசிக்கு ரயிலேறினோம். மலைமேல் மழைக்காட்டுக்குள் ஏதோ ஒரு ராஜா கட்டிவிட்டுப் போன பழைய கோட்டை. அங்கே கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். மானேஜர் பெரிய மனது பண்ணி கம்பெனியின் புது டார்பாயைக் கொடுத்தார். அதற்குக் காவலாக நைனாவையும் அனுப்பினார்.

காட்டுக்குள் நுழைந்ததுமே அட்டைகள் காலில் ஏறின. உப்புப் போட்டால் உதிர்ந்துவிடும். உப்பு டப்பா நைனாவிடம்.

“சோத்துக்கு உப்பு வாணாமா? அட்டைக்கு வயிறு ரொம்பினா அதுவே வுழுந்துடும் நைனா” என்றார். கடிபட்டவன் வயிற்றெரிச்சலைப் பற்றி அவருக்கு என்ன?

கோட்டை கண்ணில் பட்டபோது மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. “டார்பாயைப் பிரி நைனா!” என்று கத்தினோம். அவர் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“வெளையாடுறீங்களா? மழ பேஞ்சினுகீது. பிரிச்சா நனைஞ்சிடும்!”

“கூடாரம் நனையறதுக்குத்தான்யா!”

“புச்சு நைனா. மழ வுடட்டும், அப்பால போட்டுக்கலாம்.”

கோட்டை என்று பேர்தான். இடிந்த சுவர்களும், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கூரையுள்ள காவல் மாடமும்தான் மிச்சம். அந்த ஒரே உலர்ந்த இடத்தில் டார்பாயைக் குடிவைத்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு மழையில் நின்றார் நைனா.

“ராஜா உயிரோட இருந்தா உன்ன யானையால மிதிக்க வுட்டிருப்பான்” என்றான் வெல்டர் தயாளன்.

“யானை எந்த டிபார்ட்மெண்ட்டு? மொதல்ல கையெழுத்து போட சொல்லு.”

சாயங்காலத்துக்குள் எனக்குக் குளிர்ஜுரம் தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டிப்போய் வார்த்தை வரவில்லை. “இவன் பொழைக்க மாட்டான் போலக்கீதே” என்று தயாளன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

நைனா வந்து என் நெற்றியைத் தொட்டார். நேரே மாடத்துக்குள் போனார். மடக்குக் கத்தியை எடுத்து, புத்தம் புது டார்பாயை நடுவில் கிழித்தார். ஒரு பாதியை மூங்கிலில் தூளி கட்டி என்னைக் கிடத்தினார். மறு பாதியை என்மேல் போர்த்தினார். மூங்கிலின் முன்பக்கத்தைத் தானே தோளில் தூக்கிக்கொண்டார். அடிவாரத்து ஆஸ்பத்திரி வரைக்கும் வாய் ஓயவில்லை.

“இந்த ஒடம்ப வெச்சினு ஊட்லயே கெடக்க வேண்டியதுதானே? புச்சு டார்பாய்டா, பாவி!”

நான் பிழைத்தேன். ஊர் திரும்பியதும் மானேஜர் இரண்டு துண்டையும் விரித்துப் போட்டுக் காரணம் கேட்டார்.

“எலி சார்” என்றார் நைனா.

“நேர்கோட்டில் கடிக்கிற எலியா?”

“காட்டு எலி சார்.”

வெளியே வந்ததும், “உண்மையைச் சொல்லியிருக்கலாமே நைனா?” என்று கேட்டேன்.

“ஸ்டோர் சாமான நானே கிழிச்சேன்னு என் வாயால சொல்லணுமா? போய் வேலயப் பாரு” என்று எரிந்து விழுந்தார்.

அன்று மத்தியானம் புதுக் கையுறை கேட்டுப் போனேன். தரவில்லை. அவரைப் போல ஒரு கல்நெஞ்சக்காரரை நான் பார்த்ததில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வேறு எவனாவது அதைச் சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவேன்.