ஆறு சோழியும் ஏழாவது பிள்ளையும்

முப்பத்துநாலாம் ஆண்டு கண்டி மஹய்யாவையில் ஓர் எண் அவதரித்தது. ஆள் இல்லை ஐயா, எண்! 142857. அதைத் தரிசிக்க வந்த கூட்டத்தின் தலை மஹய்யாவையில் இருந்தது, வால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் தொங்கியது. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

எண்ணைக் கொண்டுவந்தவர் பெரியதம்பிச் சாமியார். ஆறு சோழியைக் கையில் கொடுப்பார். உருட்டினால் எத்தனை நிமிர்ந்து விழுகிறதோ அத்தனையால் எண்ணைப் பெருக்க வேண்டும். ஒன்றுமே நிமிராவிட்டால் மறுபடி உருட்டு. பெருக்கிப் பலகையில் எழுதுவது அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த ராஜலிங்கம், சம்பளமில்லாத பக்தர். மூன்று விழுந்தால் 428571. ஐந்து விழுந்தால் 714285. அதே ஆறு இலக்கங்கள், இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

“போனது திரும்பும்” என்பார் சாமியார். அவருக்குப் போன காணிக்கை மட்டும் திரும்பியதாகத் தகவல் இல்லை.

தையற்காரி கத்தரீனாவின் புருஷன் பெயர் பற்றிக். பதுளைப் பக்கம் போனவன், வருஷமாகியும் வரவில்லை. சோழி இரண்டு விழுந்தது: 285714. ஆறு இலக்கமும் திரும்பிவிட்டதால் பற்றிக்கும் திரும்புவான், ஆனால் சுழல்கிற இரும்பு ஒன்றைக் காணிக்கை வைக்க வேண்டும் என்றார் சாமியார். அவள் வீட்டில் சுழல்கிற இரும்பு ஒன்றுதான் உண்டு. தையல் மெஷின். அதுதான் அவள் அடுப்பையும் எரித்தது. மறுநாளே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்தார் பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா. அவருக்குப் பகுத்தறிவு பற்றியெல்லாம் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மகளின் கலியாணச் சட்டை அந்த மெஷினில் பாதி தைத்தபடி கிடந்தது, அவ்வளவுதான். முன்னால் போய், தன் பிள்ளைகள் திகனையிலும் தெல்தெனியவிலும் சிதறிக் கிடக்கிறார்கள், எல்லாரும் கலியாணத்துக்குத் திரும்பி வருவார்களா என்று கேட்டார். சாமியார் சோழியை நீட்டினார்.

“எனக்குப் புள்ளைங்க ஏழு, சாமி. இதுல ஆறுதானே இருக்கு? யாரத் தள்ளுறது?”

“ஏழு ஆகாதம்மா. அது எண்ணுக்குத் தீட்டு.”

“என்ட கடைசிப் புள்ள தீட்டா?”

கூட்டம் உம்மாவின் பக்கம் சாய்ந்தது. அவநம்பிக்கையால் அல்ல, அளவு கடந்த நம்பிக்கையால். நம் சாமி எண்ணுக்கு ஏழென்ன, எழுநூறென்ன என்று உற்சாகப்படுத்தியது. பக்தர் ராஜலிங்கம் பூரிப்போடு ஏழால் பெருக்கினார். பெருக்கியவர் கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. அழித்துவிட்டு மறுபடி பெருக்கினார். பலகையில் 999999.

“ஒண்டையும் காணேல்லைச் சாமி” என்றார். “ஒண்டு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு... எல்லாம் எங்கை போச்சுது?”

சாமியார் தொண்டையைச் செருமி, ஒன்பது என்பது நவக்கிரகம் என்று தொடங்கினார். ராஜலிங்கம் காதில் வாங்காமல், எண்ணைக் குலைத்த அந்த ஏழால் ஒன்றை வகுத்துக்கொண்டிருந்தார். புள்ளிக்குப் பின்னால் 142857 வந்தது, மறுபடி 142857 வந்தது, பலகை முடியும்வரை வந்தது. அவதாரத்தின் பிறப்பிடம் வெறும் வகுத்தல் கணக்கு!

கத்தரீனா ராஜலிங்கத்திடம் போனாள்.

“அப்ப எம் புருஷன் வர்றது?”

“அது அவனைத்தான் கேக்கவேணும், பிள்ளை. இந்த எண்ணுக்குப் பற்றிக்கைத் தெரியாது.”

அவள் அழவில்லை. வண்டிக்காரனைக் கூப்பிட்டு மெஷினை வீட்டுக்குத் திருப்பச் சொன்னாள். உம்மா கூடவே நடந்தார், சட்டையின் கைப்பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே.

கணக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை, மகாஜனங்களே. சாமியார் ஆறோடு நிறுத்தியது அவருடைய சாமர்த்தியம். நீங்களும் ஆறோடு நிறுத்தியது எந்தச் சாமியின் குற்றம்?