அப்பாவின் வயிறு பலப்பட்ட விதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். மாடிப்படி இறங்காத வரை நானும். நீயும் அத்தானும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தீயணைப்புத் துறைத் தேர்வு முடிந்தது. எழுத்தில் தேறினேன். அடுத்தது உடல்தகுதி. மல்லாந்து படுத்து இடுப்பிலிருந்து எழ வேண்டும், நிமிடத்துக்கு முப்பத்தைந்து முறை. மூன்று மாதமாகக் கூடத்தில் நாற்பது போட்டவன் நான். எழும்போது கால் பறக்கிறதே என்று, பாதங்களின் மேல் தலையணை வைத்து அப்பாவை உட்காரவைத்திருந்தேன். முப்பது வருடம் பேருந்து ஓட்டி முதுகு போனவர். சாய்மானம் இல்லாமல் ஐந்து நிமிடம் தாங்காதவர். "வேற வேலை என்ன இருக்கு, உட்கார்றேன்டா" என்றார். உட்கார்ந்தார், எண்ணினார், என் கால் உதறும்போதெல்லாம் பள்ளத்தில் வண்டியை விட்டவனைப் போல என்னைத் திட்டினார்.

தேர்வன்று மைதானத்தில் படுத்தேன்.

"சார், காலை யாரு பிடிப்பாங்க?"

"தீப்பிடிச்ச வீட்டுக்கும் ஆளைக் கூட்டிட்டுப் போவியா?" என்றார் தேர்வாளர்.

பதினொன்று. பன்னிரண்டாவதுக்குத் தலை மட்டும் புறப்பட்டது, உடம்பு வரவில்லை. அவர் என் வயிற்றை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். "காலை அழுத்திக்கிட்டா தொடையும் இடுப்பும்தான் இழுக்கும் தம்பி. வயிறு இன்னும் தூங்குது. ஆறு மாசம் கழிச்சு வா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா "ம்" என்றார். அப்போதுதான் கவனித்தேன். முக்காலியில், முதுகு எதிலும் படாமல், செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். சாய்வு நாற்காலியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. என் பாதங்கள் என்னும் ஆடுகிற இருக்கையிலிருந்து விழாமலிருக்க, மூன்று மாதமாக வயிறும் முதுகும் அவருக்குத்தான் உழைத்திருக்கின்றன. பயிற்சி என்னுடையது, பலன் அவருக்கு.

முடிவு செய்துவிட்டேன். இனி யாரும் என் காலைத் தொடக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளை மட்டும் மெல்லத் தூக்கி, வயிறு நடுங்குகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறேன். இன்று நான்கு. நான்கும் என்னுடையவை. ஆறு மாதம் போதும் அக்கா.

பாப்பா தானாக உட்காருகிறாளாமே. அவளுக்கு யாரும் காலைப் பிடிக்கவில்லை என்பதைக் கவனி. அவளுக்கு முத்தம், அத்தானுக்கு வணக்கம்.

அன்புடன்,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அப்பா தலையணையோடு வந்துவிட்டார். "உனக்கு ஆறு மாசம் இருக்கு. எனக்கு இன்னைக்கு முதுகு இருக்கு. காலை மடக்குடா." நாற்பத்திரண்டு. எந்தத் தசை என்று கேட்காதே.