புளியமரத்து விடுதியும் ஏழாவது ஷரத்தும்

அறுபது வயதானதும் அரசு என்னை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விடுவித்தது. பொறாமையிலிருந்து விடுவிக்க மட்டும் அதனிடம் அரசாணை இல்லை. அதனால் வருவாய்த் துறையில் இத்தனை வருடம் கோப்புகளில் செலவான என் திறமை முழுவதையும், ஓய்வு பெற்ற மறுநாள் முதல் என் சகலை மாதையன்மேல் பொறாமைப்படுவதற்கே ஒதுக்க முடிந்தது.

மாதையன் என் மனைவியின் தங்கை கணவன். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். நல்லம்பள்ளிப் பக்கம் அவனுடைய மாந்தோப்பில் சாதாரணக் கூடாரம் அடித்து ஆட்களைத் தங்கவைத்தான். மாம்பழம் முடிந்ததும் கூட்டமும் முடிந்தது. (அந்த வருடம் நான் நன்றாகத் தூங்கினேன்.) மறு வருடம், கவிழ்த்த சட்டி மாதிரி நான்கு வெள்ளைக் குமிழ் வீடுகளை வைத்தான். உள்ளே ஏசி, மெத்தை, படுத்துக்கொண்டே வானத்தைப் பார்க்கக் கண்ணாடிக் கூரை. இதற்குக் கிளாம்பிங் என்று பெயராம். பெங்களூர்க் கார்கள் மழையிலும் வந்தன, பனியிலும் வந்தன, சித்திரை வெயிலிலும் வந்தன.

"தோப்புல ஒரு மாங்கா இல்ல. அப்பவும் ரூமெல்லாம் ஃபுல்லுங்களாம்," என்றாள் என் மனைவி சரோஜா. "நீங்களும் இருக்கறீங்களே. அதே பேப்பர காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம்."

அன்றே முடிவு செய்தேன். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் என் நிலத்தில் ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது. மாதையன் தரையில்தானே வீடு வைத்தான்? நான் மரத்தின்மேல் வைப்பேன்.

முறைப்படி ஊராட்சியில் கேட்டேன், மின்வாரியத்தில் கேட்டேன், தீயணைப்பு நிலையத்தில் கேட்டேன். கேட்கத் தேவையில்லாத ஓர் அலுவலகத்தில், "உங்க பட்டா நிலத்து மரத்துக்கு எங்ககிட்ட எதுக்குங்க சார் வந்தீங்க?" என்றார்கள். அதையே எழுத்தில் தரச் சொல்லி வாங்கி வந்தேன். மூன்று பெருங்கிளைகளை அணைத்து, மூங்கிலும் பலகையுமாக எட்டடிக்கு எட்டடியில் அறை எழுந்தது.

முதல் விருந்தினர் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை வந்தார்கள். பெங்களூர்க் கணவன், ஓசூர் மனைவி. (மாதையனிடம் இடம் இல்லாததால் என்னிடம் வந்தவர்கள். இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.) இருபத்திரண்டு விதிகளைப் படித்துக் காட்டி, மூன்று பிரதிகளில் கையொப்பம் வாங்கிய பிறகே ஏணியில் ஏற்றினேன். அப்புறம் மாதையனுக்குப் போன் போட்டு, காலை டிபனுக்கு வரச் சொன்னேன். அவனும் சரோஜாவும் நிற்கும்போது அந்தத் தம்பதி இறங்கி வந்து, "குமிழ் வீட்டைவிட இதுதாங்க அருமை" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எனக்கு அது போதும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் சரோஜாவும் காபி பிளாஸ்கோடு போனோம். மரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தது. சுற்றிலும் கூடைகளோடு பெண்கள். மேலே மூன்று ஆட்கள், ஆளுக்கொரு கிளையில் நின்று, மேல்கிளையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். புளி மழையாகக் கொட்டியது. நடுவில் என் விடுதி, சல்லடை மாதிரி ஆடியது.

உள்ளேயிருந்து கன்னடத்தில் ஓர் அலறல். "பூகம்ப! பூகம்ப! ஓடு!"

ஓடுவதற்கு எட்டடிதான் இருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"அய்யய்யோ, ஆரு சார் மேல? காவலுக்குக் கட்டுன பரணுன்னுல்ல நெனச்சோம்," என்றாள் பச்சையம்மாள்.

பச்சையம்மாள் என் மரத்தின் குத்தகைக்காரி. எங்கள் பக்கம் மரம் ஒருவருடையது, காய்ப்பு இன்னொருவருடையது. ஐந்து பருவத்துக்கு அவளுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஊரில் உள்ள அலுவலகம் எல்லாம் ஏறி இறங்கிய நான், என் அலமாரியிலிருந்த என் கோப்பை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடும்மா."

"ஆள கூட்டியாந்துட்டேனுங்களே சார். ஏழாவது ஷரத்து என்னன்னு பாருங்க." மஞ்சள் பையிலிருந்து லேமினேட் செய்த ஒப்பந்தம் வெளியே வந்தது. (லேமினேட் செய்யச் சொன்னதும் நான்தான்.) 'பருவ காலத்தில் குத்தகைதாரரும் அவர் அழைத்து வரும் எவரும் எந்நேரமும் மரத்தில் ஏறவும் உலுக்கவும் உரிமையாளர் எவ்வகையிலும் தடை செய்யக் கூடாது.' ஓட்டை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தேன். நான் எழுதியதில் ஓட்டை இருக்காது.

இதற்குள் மாதையன் வந்துவிட்டான். நான் ஷரத்து படித்துக்கொண்டிருக்க, அவன் மேலே இருந்தவர்களைக் கையமர்த்திவிட்டு ஏணியில் ஏறி, தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஏதோ சொல்லி இருவரையும் இறக்கிக் கொண்டுவந்தான். கணவன் முகம் வெளுத்திருந்தது. மனைவியின் தலைமுடியில் புளியம்பழம் தொங்கியது.

"பதினான்காம் விதிப்படி, மரத்தின் அசைவுகளுக்கு நிர்வாகம்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேப்பர மடிச்சு உள்ள வையுங்க," என்றாள் சரோஜா.

காபி குடித்து நடுக்கம் தீர்ந்ததும் அந்தப் பெண் பச்சையம்மாளிடம் போய், "அக்கா, நானும் ஒருதரம் உலுக்கட்டுமா?" என்று கேட்டாள். தாழ்ந்த கிளை ஒன்றைக் காட்டினார்கள். உலுக்கினாள், சிரித்தாள், கணவனையும் இழுத்து உலுக்க வைத்தாள். நான் காத்திருந்த வாக்கியம் கடைசியில் வந்தது, மாதையனைப் பார்த்து: "உங்களாலதாங்க இன்னிக்கு நல்லா இருந்துச்சு." அன்றைக்குக் காலியான குமிழ் ஒன்றுக்கு அவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பும் முன், மாதையன் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணா, குமிழு இப்ப எல்லாப் பக்கமும் வந்துருச்சு. இதுமாதிரி எங்கயும் இல்லீங்க."

மறு மாசியில் அவனுடைய விருந்தினர் வேனில் வந்து இறங்கி என் மரத்தை உலுக்கினார்கள். அவன் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. பச்சையம்மாளிடம்தான் கேட்டான். 'அவர் அழைத்து வரும் எவரும்.' என் பேனா. நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். மேலே என் விடுதியில் அவர்களுடைய செருப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

போன ஆவணியில் மாதையன் மகளுக்குக் கல்யாணம். (என் மகள் கல்யாணப் பந்தலைவிட அவன் போட்ட பந்தல் பெரியதுதான். நடந்து அளந்து பார்த்தேன்.) சம்பந்தி வீட்டாரிடம் அவன் என்னை அறிமுகப்படுத்தினான்: "இவருதாங்க எங்க பூகம்பத்து அண்ணன்."

"அட, அந்த மரத்துக்காரருங்களா!" என்று சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் சூழ்ந்துகொண்டு, பூகம்பக் கதையை என் வாயாலேயே சொல்லச் சொல்லி செல்பி எடுத்தார்கள். பெண்ணைப் பெற்றவன் ஓரமாக நின்றான். அவன் முகம் லேசாக வாடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அது பொறாமைதான் என்கிறேன் நான். காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை என்கிறாள் சரோஜா.