குழிக்கு ஒரு குழு

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம், எங்கள் ‘இளந்தலைவர் உருவாக்க மன்ற’த்தைத் தொடங்கியதுதான். நடுவில் மின்சாரம், தடுப்பூசி என்று சில சில்லறைக் காரியங்கள் நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்கூட எங்களிடம் சான்றிதழ் வாங்கியவரில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மன்றத்தின் தலைமை வழிகாட்டி அடியேன். அதற்கு முன்பு ஓர் அலுவலகத்தில், வருகிற கோப்புகளை மேலே அனுப்பும் பிரிவில் இருந்தேன். நான் மேலே அனுப்பியது எதுவும் கீழே திரும்பி வந்ததில்லை. ஆகவே உயரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை.

எங்கள் முறை எளிமையானது. துடிப்பான இளைஞர்களைப் பொறுக்கி எடுப்போம். ஆளுக்கொரு வழிகாட்டியை நியமிப்போம். வழிகாட்டி அவர்களுக்குக் கைகுலுக்கச் சொல்லிக்கொடுப்பார். தலையசைக்கச் சொல்லிக்கொடுப்பார். அடுத்தவர் பேசும்போது கேட்காமலே கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பார். மூன்றாவது கொஞ்சம் கடினம். ஆனால் பையன்கள் கெட்டிக்காரர்கள், சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள்.

சென்ற முறை எடுத்த அணியில் முதல் இடம் ‘தொலைநோக்கு’ என்று நாங்கள் செல்லமாக அழைத்த இளைஞனுக்கு. பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டான். அவர் தலைக்கு மேலே, தூரத்தில் எதையோ பார்ப்பான். பிறவித் தலைவன்.

கடைசி இடம் என் அக்கா மகளுக்கு. அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல்தான் அவளைச் சேர்த்தேன். நல்ல பெண்தான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம்: வேலையைக் கண்டால் செய்துவிடுவாள். வழிகாட்டுதலில் குணமாகாத நோய் இல்லை என்று நம்பினேன்.

பயிற்சியின் இறுதிக் கட்டம் ‘சமூக சேவைத் திட்டம்’. சேவை செய்வதற்கு ஒரு சமூகமும், அந்தச் சமூகத்துக்கு ஒரு குறையும் தேவை. இரண்டும் மன்றத்தின் பின்தெருவிலேயே கிடைத்தன. குழாய் பதிக்க வந்தவர்கள் நீளமாக ஒரு குழியைத் தோண்டிவிட்டு, குழாயை மட்டும் பதிக்காமல் போயிருந்தார்கள். அந்தக் குழி ஒரு தையற்கடையின் வாசலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. கடையை நடத்தியவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘டெய்லர் அக்கா’.

இளந்தலைவர்கள் எல்லாரும் குழியின் இந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். அந்தப் பக்கம் டெய்லர் அக்கா, வாயில் குண்டூசிகளோடு. தொலைநோக்கு, கடையின் கூரைக்கு மேலே பார்த்தபடி ஆரம்பித்தான்.

“அம்மா, இந்தக் குழியைப் பத்தி நீங்க எப்படி உணர்றீங்க?”

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொண்டார். “உணர்றதுக்கு என்னப்பா இருக்கு? துணி குடுக்க வர்றவங்க எட்டிப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போறாங்க. நேத்து ஒரு அம்மா தாண்டறேன்னு விழுந்து கணுக்கால் பிசகிப்போச்சு. இப்படியே போனா கடையைக் காலி பண்ணிட வேண்டியதுதான். குறுக்க ஒரு பலகை போட்டுக் குடுங்க, போதும்.”

“பலகையா!” தொலைநோக்கு இரக்கத்தோடு சிரித்தான். “அது குறுகிய காலத் தீர்வும்மா.”

“குறுகின குழிதானேப்பா!”

நாங்கள் அதைக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டோம். பிறகு மன்றத்துக்குத் திரும்பிக் குழு அமைத்தோம். குழிக்கும் குழுவுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டும் அமைந்துவிட்டால் மூடுவது கடினம். பலகைக் குழு, ஆணிக் குழு, கம்பளக் குழு, ரிப்பன் குழு என்று எங்கள் பணி கிளை விட்டது. ஆளுக்கொரு குழுவுக்குத் தலைவரானார்கள். எல்லாரும் தலைவராகிவிட்டதால் உறுப்பினராக யாரும் மிஞ்சவில்லை. ஒரு பயிற்சியின் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பலகைக் குழு ஆழமாக இயங்கியது. பலகை இங்கிருந்து அங்கே போகிறதா, அங்கிருந்து இங்கே வருகிறதா என்ற அடிப்படைக் கேள்வியிலேயே அது நாள்கணக்கில் நின்றது. இதற்கிடையில் பயனாளியிடம் தினமும் கருத்துக் கேட்டோம். டெய்லர் அக்கா முன்னேறிக்கொண்டே வந்தார். எங்கள் தலை தெரிந்ததும், கேள்விக்குக் காத்திராமல், “பலகை!” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்துவிடுவார்.

ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், குழியின் மேல் ஒரு பழைய கதவு கிடந்தது. அதன் மேல் மக்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்! பக்கத்தில் என் அக்கா மகள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா காரியம் பண்ணிட்ட?” என்றேன்.

“எங்க வீட்டுப் பின்பக்கத்துல சும்மா கெடந்த கதவு, மாமா. நானும் டெய்லர் அக்காவும் தூக்கிட்டு வந்து போட்டோம்.”

“‘திட்டத்துக்கு முன்’னு ஒரு படம் எடுக்கணுமே, எடுத்தாச்சா? படம் எடுக்கறதுக்கு முன்னாடியே குறையைத் தீர்த்துட்டா, நாம தீர்த்தது குறைதான்னு யாருக்குத் தெரியும்?”

“விழுந்தவங்களுக்குத் தெரியும், மாமா.”

மாமா என்ற முறையில் எனக்குக் கோபம் வரவில்லை. வழிகாட்டி என்ற முறையில் வந்தது. கதவை அப்புறப்படுத்தச் சொன்னேன். தலைவர்கள் யாரும் தூக்க முன்வராததால் ஆள் வைத்துத் தூக்கினோம். டெய்லர் அக்கா கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நன்றிப் பெருக்கு என்று குறித்துக்கொண்டேன். கதவும் வீணாகவில்லை. மன்றத்தில் குழுக்கள் பிஸ்கட் வைத்துச் சாப்பிடும் மேசையாக உயர்வு பெற்றது. அக்கா மகளுக்கு ‘தலைமைப் பண்புக் குறைபாடு’ என்று எச்சரிக்கை கொடுத்தேன்.

அன்று மாலை அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

“டேய், என் பொண்ணைத் தலைவி ஆக்கறேன்னுதானே கூட்டிட்டுப் போன? தெனம் சேறும் மண்ணுமா வந்து நிக்கறா!”

“அதான் அக்கா எனக்கும் கவலை. மத்த பிள்ளைங்க சட்டையைப் பாரு, ஒரு மடிப்புக் கலையல.”

“எங்க வீட்டுக் கதவு எங்கடா?”

தலைமை என்பது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதல்ல. நான் எழுந்து வந்துவிட்டேன்.

திறப்பு விழா நாள் வந்தது. சிறப்பு விருந்தினர் சாதாரண ஆளில்லை. ‘துணிந்து காலை முன்னே வை’ என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர். கம்பளக் குழு தன் கடமையைக் குறைவறச் செய்திருந்தது. குழியின் மேல் சிவப்புக் கம்பளத்தை விறைப்பாக இழுத்து, இரு கரையிலும் ஆணியடித்திருந்தார்கள். ரிப்பன் குழு ரிப்பனைக் கட்டியிருந்தது. பலகைக் குழு மட்டும் இன்னும் விவாதத்தில் இருந்தது. ஆனால் அதற்காக மற்ற குழுக்கள் தேங்கி நிற்க முடியுமா?

ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. டெய்லர் அக்காவிடம்தான் கேட்டு வாங்கினோம். குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிக் கொடுத்தவர், “ஐயா, பாத்து...” என்று ஏதோ சொல்ல வந்தார். பயனாளி பேசும் கட்டம் நிகழ்ச்சி நிரலில் பின்னால் இருந்ததால் அமைதி காக்கச் சொன்னோம். அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் அக்கா மகள் ஓடி வந்தாள்.

“மாமா, அடியில பலகை இல்ல!”

“எதிர்மறைச் சிந்தனை!” என்று அவளை அடக்கினேன்.

விருந்தினர் ரிப்பனை வெட்டினார். கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். “இளைஞர்களே! துணிந்து காலை...”

‘முன்னே வை’ என்பது குழிக்குள்ளிருந்து கேட்டது. கையிலிருந்த மைக்கும் கூடவே போயிருந்ததால் தெளிவாகவே கேட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

என் மாணவர்களுக்கு அது பொன்னான சோதனை. ஒருவர்கூடப் பதறவில்லை. உடனே குழியைச் சுற்றி வட்டமாக நின்று கலந்தாய்வைத் தொடங்கினார்கள். தொலைநோக்கு தொடுவானத்தைப் பார்த்துச் சொன்னான்: “இதை நாம பிரச்சினையாப் பாக்கக் கூடாது, வாய்ப்பாப் பாக்கணும்.”

“தம்பிகளா, கைய குடுங்கப்பா!” என்றது குழி.

“கருத்துப் பதிவு செய்யப்பட்டது, ஐயா” என்றான் தொலைநோக்கு.

அக்கா மகள் யாரையும் கேட்கவில்லை. குழிக்குள் குதித்துவிட்டாள். டெய்லர் அக்கா தான் உட்கார்ந்து தைக்கும் முக்காலியை உள்ளே இறக்கினார். கீழிருந்து ஒருத்தி தள்ள, மேலிருந்து ஒருத்தி இழுக்க, விருந்தினர் சேறும் சகதியுமாக வெளியே வந்தார். முழங்காலில் கிழிந்திருந்த கால்சட்டையை, அவர் நின்ற நிலையிலேயே டெய்லர் அக்கா தைத்துக் கொடுத்தார். அந்தக் கால்சட்டையோடுதான் அவர் மேடையேறிச் சான்றிதழ்களை வழங்கினார். சிறந்த தலைவர் விருது தொலைநோக்குக்கு. அக்கா மகளின் பெயர் வாசிக்கப்பட்டபோது அவள் குழிக்குள் இறங்கி, விருந்தினரின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எனவே ‘வரவில்லை’ என்று அறிவித்தோம்.

திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்ததை ஒட்டி, கடையெதிரே ஒரு பெரிய மரப்பலகை நாட்டினோம். நல்ல உறுதியான மரம். மேலே ‘மக்கள் பாலம்’ என்ற தலைப்பு, அதன் கீழே கொட்டை எழுத்தில் என் பெயர், அடுத்து எல்லாக் குழுத் தலைவர்களின் பெயர்களும். குழிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் டெய்லர் அக்காவின் கடையே தெரியாது. அவ்வளவு பெரிய பலகை.

பிறகு ஒருநாள், புதிய அணிக்கு எங்கள் சாதனையைக் காட்ட அழைத்துப் போனேன். கம்பங்கள் மட்டும் நின்றன, பலகையைக் காணோம். குனிந்து பார்த்தேன். குழியின் குறுக்கே, பெயர்கள் மேலே தெரியும்படி அது படுத்திருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் அதில் நடந்து கடைக்குப் போனாள். எதிரே, தைத்த துணிப் பையோடு ஒரு பெரியவர் என் பெயரின் நடுவில் கால் வைத்து வந்தார். கடைக்குள் இரண்டு தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. ஒன்றில் என் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன அநியாயம் இது!” என்று கத்தினேன். “எங்க பேரையெல்லாம் ஜனங்க மிதிச்சுட்டுப் போறாங்களே!”

அவள் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னாள்:

“பயப்படாதீங்க மாமா, பலகை தாங்கும். அடியில நாலு கட்டையை முட்டுக் குடுத்திருக்கேன். வெறும் உங்க பேரை மட்டும் நம்பி ஜனங்களை நடக்க விட்டுடுவேனா?”