துரைக்கு ஒரு தரை

மச்சான் கடைப் படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்பது பிஸ்கட்காரரின் சபதம்.

சபதத்துக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று சொந்தபந்தம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. டைல்ஸ் கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சுவரோரம் வெடித்திருந்த சிமென்ட் தரையைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு நிமிண்டு நிமிண்டினார். சில்லு ஒன்று பெயர்ந்து வந்தது. அதை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"மாப்ளே, இது தரையா, உங்க கம்பெனி பிஸ்கட்டா? தொட்டாலே உதிருதே!"

கூடமே சிரித்தது. மனைவி மட்டும் அங்கே சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சிரித்தாள்.

பிஸ்கட்காரர் பிஸ்கட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எந்த உயரத்திலிருந்து விழுந்தால் பிஸ்கட் உடையும், எத்தனை குலுக்கலில் தூள் தட்டும் என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. அவரைப் போய் 'உதிருதே' என்று கேட்பது நீச்சல்காரனைப் பார்த்து நனையத் தெரியுமா என்று கேட்பது போல. அன்றோடு அந்த வீட்டில் தரைப் பேச்சுக்குத் தடை.

தடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பாப்பா பிறந்தாள், குப்புற விழுந்தாள், இப்போது வயிற்றாலேயே நீந்தி அரைக் கூடத்தைக் கடக்கிறாள். மனைவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. துடைப்பத்தைக் கீழே வைப்பதே இல்லை. பெருக்கப் பெருக்கத் தூள்தான் பெருகியது.

"என்னங்க, கண்ணுல பட்டதெல்லாம் வாயில வெச்சுக்கறா. தரையை மாத்திடலாங்க."

"பார்க்கலாம்."

"பாப்பா நீந்த ஆரம்பிச்ச நாளா தரை தரேன், தரை தரேன்னு சொல்லிட்டே இருக்கீங்க. எப்பங்க தருவீங்க?"

"பார்க்கலாம்னு சொல்றேன்ல."

ஊரில் வேறு கடையும் இருந்தது. அங்கே வாங்கினால் மனைவி வீட்டார் வாயில் விழ வேண்டும். மச்சானிடம் வாங்கினால் மச்சான் வாயில் விழ வேண்டும். எந்த வாயிலும் விழாமலிருக்க ஒரே வழி, சும்மா இருப்பது. பிஸ்கட்காரருக்கு அது கைவந்த கலை.

இந்த நிலையில்தான் துரை வந்தார்.

துரை ஒரு பல்லி. ஆலையில் கூட வேலை பார்த்தவர் வெளிநாடு போகும்போது, கண்ணாடிப் பெட்டியோடு பிஸ்கட்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சள் உடம்பு. சிறுத்தையைப் போல மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. விரல் மொத்தத்துக்கு வால். வாயோரம் சதா ஒரு சிரிப்பு. எதைக் கொடுத்தாலும் இதுதானா என்பது போல அரைக்கண்ணால் பார்க்கும். அந்தப் பார்வைக்குத்தான் துரை என்று பெயர் வந்தது.

மனைவி பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கடிக்குமாங்க? பல் இருக்கா?"

"பேர்லயே பல் இருக்கே! பயப்படாதே, பரம சாது. சுவத்துல கூட ஏறாது. தரையிலதான் நடக்கும்."

"நம்ம வீட்டுத் தரையை நம்பியா இதைக் கூட்டிட்டு வந்தீங்க?"

பிஸ்கட்காரர் காதில் வாங்கவில்லை. பெட்டியின் அடியில் வெறும் கண்ணாடிதான் இருந்தது. துரை நடந்தால் கால் வழுக்கியது. ஏதாவது விரிக்க வேண்டும். எதை விரிப்பது? பெட்டி அளவுக்குச் சிறிய ராஜ்ஜியம்தான். ஆனால் இந்த வீட்டில் தன் சொல் செல்லக்கூடிய ஒரே ராஜ்ஜியம் இதுதான் என்று அவருக்குப் பட்டது.

"இதுக்கு எது பாதுகாப்பான தரைன்னு நான் சோதனை பண்ணி முடிவு பண்றேன். நீ இதுல தலையிடாதே."

"ஆபீஸ்ல தரக்கட்டுப்பாடு, வீட்ல தரைக் கட்டுப்பாடா? சரிங்க."

வாதம் இல்லாமல் ஒரு 'சரிங்க' அந்த வீட்டில் வந்ததே இல்லை. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவர் மனம் பாலைவனத்தில் இருந்தது.

முதலில் மணல். பாலைவனத்துப் பிராணிக்குப் பாலைவனம்தானே பொருத்தம்? மொட்டை மாடியில் உட்கார்ந்து சலிக்காமல் சலித்தார். பெட்டியில் பரப்பினார். அழகோ அழகு. துரைக்கு ஒரு புழுவைப் போட்டார். துரை பாய்ந்தது. புழு பாதி, மணல் பாதி வாய்க்குள் போனது.

"மணல் உள்ள போனா என்ன ஆகும்ங்க?" மனைவி கதவோரம் நின்று கேட்டாள். தலையிடவில்லை, சும்மா கேட்டாள்.

நல்ல கேள்வி. பிஸ்கட்காரருக்கு நல்ல கேள்வி என்றால் உயிர். அடுத்த வாய்க்கு முன் துரையை வெளியே எடுத்தார். ஒரு பிடி மணலை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, துணியில் முடிந்து, பிழிந்து வைத்தார். மாலையில் அவிழ்த்தால் உள்ளே கெட்டியாக ஓர் உருண்டை.

"பார்த்தியா! இது வயித்துல நின்னா அடைச்சுக்கும். ஆள் காலி."

"அய்யோ பாவம்," என்றாள் மனைவி. பாப்பாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

அடுத்து மரத்தூள். துரை ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்கட்காரர்தான் தும்மினார். தும்மித் தும்மி மூக்கு தக்காளியானது. முழுசாய் வளர்ந்த மனுஷனுக்கே இப்படி என்றால் குண்டுமணி மூக்குக்கு என்ன ஆகும் என்று யோசித்தார். மரத்தூள் வெளியேறியது.

அடுத்து பழைய கம்பளத்தில் ஒரு துண்டு. துரை நான்கு எட்டு வைத்தது. ஐந்தாவதில் நகம் நூலில் மாட்டிக்கொண்டது. சேற்றில் செருப்பு மாட்டியவர் போலக் காலை உதறி உதறிப் பார்த்தது. பிஸ்கட்காரர் நகவெட்டியால் நூலை வெட்டி விடுவித்தார். துரை அரைக்கண்ணால் பார்த்தது. இதுதானா?

பிஸ்கட்காரருக்கு ஆர்வம் தலைக்கேறியது. மேலிருந்து பார்த்தால் தரையைப் பற்றி என்ன தெரியும்? துரையின் உயரத்திலிருந்தல்லவா பார்க்க வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்து, தானும் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டார்.

அடேயப்பா, அது வேறு உலகம். நாற்காலிக் கால்கள் கோபுரங்களாக நின்றன. கதவிடுக்கில் ஒரு எறும்பு லாரி போல வந்தது. சுவரோரம் சிமென்ட் சில்லுகள் மலைமலையாகக் கிடந்தன. மலைகளுக்கு நடுவே, அவர் மூக்குக்கு நேரே, இன்னொரு முகம். பாப்பா. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"அய்யோ!" என்று மனைவி போட்ட கூச்சலில் துரை கூட வாலைச் சுருட்டியது. பாப்பாவைக் கவிழ்த்து, வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். எச்சிலோடு ஒரு சில்லு வந்து விழுந்தது. பாப்பா வீறிட்டாள்.

பிஸ்கட்காரர் எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் தூள்.

"ஒ... ஒண்ணும் ஆகலை. எல்லாக் குழந்தையும் மண்ணு திங்கத்தான் செய்யும்."

மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"துரை தின்னா மட்டும்தான் அடைச்சுக்கும், இல்லீங்களா?"

துணியில் முடிந்து வைத்த மணல் உருண்டை அவருக்கு நினைவு வந்தது. பாப்பாவைக் கையில் வாங்கி, விசும்பல் அடங்கும்வரை தோளில் போட்டு நடந்தார். இப்போதே கடைக்குப் போகலாம் என்று உள்ளம் சொன்னது. சபதம் என்னாவது என்று மீசை கேட்டது.

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டாள்:

"அதை விடுங்க. துரைக்கு என்னதாங்க போடப் போறீங்க? உதிரக் கூடாது, தூள் பறக்கக் கூடாது, நகம் மாட்டக் கூடாது. ஈரத்துணியால துடைச்சா சுத்தமாகணும். அப்படி ஒண்ணு உலகத்துல இருக்கா?"

"ஏன் இல்லை? டைல்ஸ் இருக்கே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"அட ஆமாங்க! எனக்குத் தோணவே இல்லை பாருங்க," என்று மனைவி வியந்தாள். "ஆனா அதுக்கு அண்ணன் கடைக்கில்ல போகணும். உங்களுக்குத்தான் பிடிக்காதே. நீங்க வீட்டுக்குன்னா போகமாட்டீங்க."

பிஸ்கட்காரர் யோசித்தார். வீட்டுக்குன்னா போகமாட்டார், நிஜம். துரைக்குன்னா? சபதத்தில் பல்லியைப் பற்றிப் பேச்சே இல்லையே.

கடையில் மச்சான் சிரிக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

"வாங்க மாப்ளே! யாருக்குத் தரை?"

"பல்லிக்கு."

"பல்லிக்கா? அப்ப ரொம்ப கவனமாப் பார்க்கணும்."

பார்த்தார். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றினார். சாவியால் கீறினார். பாப்பாவின் கம்பளிக் காலுறையை இழுத்து நூல் மாட்டுகிறதா என்று பார்த்தார். கடைப் பையன்கள் பார்க்கப் பார்க்க, கன்னத்தை வைத்து வழுவழுப்பைச் சோதித்தார். கடைசியில் பளபளப்பில்லாத, மணல் நிறத்து டைல் ஒன்று தேர்வானது.

"இது உதிராதே மச்சான்?" வருஷக்கணக்கில் வைத்திருந்த வஞ்சத்தை அந்த ஒரு கேள்வியில் தீர்த்துக்கொண்டார்.

"உதிர்ந்தா என் சட்டையைப் பிடிங்க மாப்ளே. அளவு?"

"பெட்டி வீட்ல இருக்கு."

"அப்ப ஆளை அனுப்பி வீட்லயே அளந்துக்கறேன். சரிதானே?"

"சரி. அளந்துக்குங்க."

எதை அளப்பது என்று அவரும் சொல்லவில்லை, மச்சானும் கேட்கவில்லை.

அந்த வாரம் ஆலை வேலையாக பிஸ்கட்காரர் வெளியூர் போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தவர், வேறு யார் வீட்டிலோ நுழைந்துவிட்டோம் என்று வெளியே போய்க் கதவு எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார். கூடம், படுக்கையறை, சமையலறை, எங்கு பார்த்தாலும் மணல் நிறம். நடுவில் பாப்பா முட்டி போட்டுக் கடகடவென்று தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு?" என்றார். குரலில் கோபத்தைத் தேடினார், கிடைக்கவில்லை.

"நீங்கதானே தேர்ந்தெடுத்தீங்க? இவ்வளவு பொறுப்பாச் சோதிச்சு வாங்கின ஆளைப் பார்த்ததே இல்லைன்னு அண்ணன் பெருமையாச் சொல்லுச்சுங்க."

பிஸ்கட்காரருக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. அதையும் இறக்கிவைத்துவிட்டு மெல்லக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். குளுகுளு என்று இருந்தது. ஒரு மலை கூட இல்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. துரைக்கு வெட்டின துண்டு எங்கே?"

"மிச்சமே இல்லீங்க. வாசற்படி வரைக்கும் கரெக்டா இருந்துச்சு."

பதறிக்கொண்டு பெட்டியருகே ஓடினார். உள்ளே வெள்ளை வெளேரென்று டிஷ்யூ பேப்பர் விரித்திருந்தது. அதன்மேல் துரை கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே தூங்கியது.

"டிஷ்யூ பேப்பரா!"

"அதுதான் ரொம்ப பத்திரமாங்க. அழுக்கானா சுருட்டிப் போட்டுட்டு வேற விரிச்சுடலாம். பிராணி டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்? எப்போ?"

"துரை வந்த அன்னைக்கே. பாப்பாவுக்கு ஏதாவது ஆபத்து வந்துடுமோன்னு பயந்து போன் பண்ணினேன். அப்பவே சொல்லிட்டாரு."

பிஸ்கட்காரர் பெட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இன்னும் லேசாகச் சிவந்திருந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ, நான் துரைக்காக இத்தனை சோதனை பண்ணினது?"

"அது பாப்பாவுக்குங்க."